ஒரு பட்டனுக்கு எத்தனை பெயர்?

14 ஜூலை 2024, திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டது

மூன்று வருடமாகப் பின்னலாடைக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். முதலில் ஜாவா ஸ்விங், அப்புறம் கியூட்டி, இப்போது வந்திருப்பவர் ஜிடிகேயில் வேண்டும் என்கிறார். மூன்றும் திரையில் பட்டன், மெனு எல்லாம் போடுவதற்கான டூல்கிட்டுகள். பட்டன் எங்கே போனாலும் பட்டன்தான், லிஸ்ட்டும் லிஸ்ட்தான். பெயர் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. சி மொழிக்குத் தரம் இருக்கிறது, எஸ்கியூஎல்லுக்கு இருக்கிறது. திரையில் வருகிற பட்டனுக்கு மட்டும் ஒரே ஏபிஐ, அதாவது புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிட ஒரே பெயரும் முறையும், வைக்க யாரும் உட்காரவே இல்லையே, ஏன்? பெரிய கம்பெனிகள் வேண்டுமென்றே விடவில்லை என்று நினைக்கிறேன்.

15 ஜூலை, காலை, என் பதில்

யாரும் உட்காரவில்லை என்று யார் சொன்னது? வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பொறியாளர்களின் தரம் வகுக்கும் அமைப்பான ஐஇஇஇ-யில் பி1201 என்று இதற்காகவே ஒரு குழு இருந்தது. எஸ்கியூஎல் உதாரணமும் சரியில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். பஸ் வந்துவிட்டது.

15 ஜூலை, இரவு

பீளமேட்டில் படித்து முடித்து 1994-ல் பெங்களூர் போனேன். சேர்ந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். முதல் வாரமே கையில் கொடுத்த வேலை: ஓபன் லுக்கில் எழுதியிருந்த ஒரு பெரிய புரோகிராமை மோட்டிஃபுக்கு மாற்றுவது. அன்றைய யூனிக்ஸ் திரைகளுக்கான இரண்டு போட்டி ஏற்பாடுகள் அவை. ஏழு மாதம் என்று கணக்குப் போட்டார்கள். பதினான்கு ஆனது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் முக்கால்வாசி அந்தப் பதினான்கு மாதத்தில் வந்ததுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யூனிக்ஸ் மெஷின்களில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ 1984-ல் எம்ஐடியில் தொடங்கியது. 1987-ல் பதினோராவது பதிப்பு வந்தது, இன்றைக்கும் ஓடுவது அதுதான். அதைச் செய்தவர்கள் ஒரு விரதம் எடுத்திருந்தார்கள்: கோடு போட, எழுத்து வைக்க, மவுஸ் எங்கே இருக்கிறது என்று சொல்ல வழி செய்து தருவோம், பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தலையிட மாட்டோம். பெருந்தன்மைதான். ஆனால் காலியாக விட்ட அந்த இடத்தில்தான் வேலித் தகராறு ஆரம்பித்தது. 1988-ல் சன்னும் ஏடி அண்ட் டியும் ஓபன் லுக் என்றார்கள். ஐபிஎம், எச்பி, டிஜிட்டல் எல்லாம் அதே வருடம் ஓஎஸ்எஃப் என்று தனி அணி கட்டி 1989-ல் மோட்டிஃபைக் கொண்டுவந்தார்கள். ஓபன் லுக் என்பது தோற்றத்துக்கான விதிநூல். அதற்குள்ளேயே ஓலிட், எக்ஸ்வியூ என்று இரண்டு ஏபிஐ. முகம் ஒன்று, வாய் இரண்டு.

1993 மார்ச்சில் இரண்டு அணியும் ராசியாகி, கோஸ் என்ற பெயரில் கூட்டாக ஓர் அறிவிப்பு வந்தது. சன் தன் ஓபன் லுக்கை ஓரம் கட்டிவிட்டு மோட்டிஃபை ஏற்றது. அதே வருடம் மோட்டிஃபின் ஏபிஐ ஐஇஇஇ 1295 என்ற எண்ணோடு முறையான தரமாகவும் ஆனது. ஆகவே தம்பி, நீங்கள் கேட்ட பொருள் 1993-லேயே கடைக்கு வந்துவிட்டது. அந்த அறிவிப்பால் உலகம் முழுக்க ஓபன் லுக் புரோகிராம்கள் நடுத்தெருவில் நின்றன, எனக்குச் சம்பளம் வந்தது.

இப்போது மாற்றிய கதை. ஓபன் லுக்கும் மோட்டிஃபும் எக்ஸ்டி என்ற ஒரே அஸ்திவாரத்தின் மேல் நின்றவை. விட்ஜெட்டை, அதாவது பட்டன், மெனு போன்ற திரை உறுப்பை, உருவாக்கும் ஃபங்ஷன் இரண்டிலும் ஒன்றே. பெயரை மாற்றினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பெயர்களைத் தேடி மாற்ற ஒரு ஸெட் ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டே நாளில் முக்கால்வாசிப் பெயர்கள் மாறிவிட்டன. மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மீதிப் பதின்மூன்றரை மாதம் பெயரில் இல்லாத விஷயங்களுக்குப் போனது. அங்கே பட்டனின் எழுத்தைச் சும்மா ஒரு சரமாகக் கொடுத்தால் போதும், இங்கே எக்ஸ்எம்ஸ்ட்ரிங் என்று தனியாக ஒன்றைக் கட்டி, வேலை முடிந்ததும் ஞாபகமாக விடுவிக்க வேண்டும். விடுவிக்க மறந்தால் மெமரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், சாயங்காலத்துக்குள் மெஷின் மூச்சு வாங்கும். அங்கே மெனுவுக்கு மவுஸின் வலது பட்டன், இங்கே இடது. அங்கே மெனுவில் ஒரு குண்டூசி இருக்கும், குத்திவிட்டால் மெனு திரையிலேயே நிற்கும். பயனாளிகள் நாள் முழுக்க அந்தக் குண்டூசியை நம்பி வேலை செய்தவர்கள். மோட்டிஃபில் மெனுவைக் கிழித்துத் தனியே வைக்கும் வசதி 1.2 பதிப்பில் வந்திருந்தது. கிட்டத்தட்ட அதே காரியம்தான். அந்தக் கிட்டத்தட்டவுக்கு மூன்று வாரம் சண்டை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி இடப்பங்கீடு. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் எந்தப் பெட்டி நீளும், எது நகரும், எது அப்படியே இருக்கும் என்பதை ஒவ்வொரு டூல்கிட்டும் தன் வழியில் யோசிக்கிறது. இதற்கு அகராதி போட்டு மொழிபெயர்க்க முடியாது. ஒவ்வொரு திரையாகத் திறந்து, அசல் எழுதியவர் என்ன நினைத்து இப்படி வைத்தார் என்று ஊகித்து, புதிதாகக் கட்ட வேண்டும். நூற்று எழுபது திரை இருந்தன.

16 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எக்ஸ்டி மேல் நின்றது ஓலிட் மட்டும்தான். எக்ஸ்வியூவுக்கு அஸ்திவாரமே வேறு, சன்வியூ என்ற பழைய ஏபிஐயின் பாணியை எக்ஸுக்குக் கொண்டுவந்தது அது. எங்கள் புரோகிராம் ஓலிட். எக்ஸ்வியூவாக இருந்திருந்தால் ஸெட் ஸ்கிரிப்டுக்கும் வழியில்லை, டீயும் கிடைத்திருக்காது.

18 ஜூலை, இரவு

பி1201-க்கு வருகிறேன். அதில் ஒரு கிளை 1201.1. மோட்டிஃப், ஓபன் லுக், விண்டோஸ், மேக் எல்லாவற்றின் மேலும் மெல்லிய ஓர் அடுக்குப் போட்டு, ஒரே ஏபிஐயில் எழுதினால் அந்தந்த ஊர் பட்டன் அந்தந்த ஊர் முகத்தோடு வரவேண்டும் என்பது திட்டம். வெறுங்கையோடு உட்காரவில்லை. எக்ஸ்விடி என்று கடையில் விற்றுக்கொண்டிருந்த ஒரு பொருளை அடிப்படையாக எடுத்தார்கள். அதைச் செய்தவர் மார்க் ராக்கைண்ட், நிரலின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் எஸ்சிசிஎஸ் எழுதியவர், யூனிக்ஸ் உலகத்தில் பழைய கை. ஆள் சாதாரணமில்லை, குழுவும் சும்மா பொழுதுபோக்கக் கூடவில்லை.

பிறகு என்ன ஆச்சு? வீட்டுக்கு ஒறம்பரை பத்துப் பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருவர் விரதம், இன்னொருவருக்கு வெங்காயம் ஆகாது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிற சாப்பாடு என்று தேடினால் உப்பில்லாத மோர்ச்சோறுதான் மிஞ்சும். அதை யாரும் குறை சொல்ல முடியாது, அதற்காக யாரும் பஸ் ஏறியும் வரமாட்டார்கள். நான்கு டூல்கிட்டிலும் இருப்பதை மட்டும் எடுத்தால் பட்டன், டெக்ஸ்ட் பெட்டி, லிஸ்ட், மெனு கிடைக்கும். வாடிக்கையாளர் கேட்பதோ, ஒன்றில் இருந்து மற்ற மூன்றிலும் இல்லாத பொருள். அது இல்லையே என்றால் அடுக்கைத் தாண்டிக் கீழே கைவிடுவீர்கள். ஒருமுறை கைவிட்டால் தரம் போச்சு.

இந்தப் பாடத்தை ஜாவாக்காரர்கள் காசு கொடுத்து மறுபடி படித்தார்கள். 1996-ல் ஜாவா 1.0-வோடு வந்த ஏடபிள்யூடி அதே மோர்ச்சோறு. ஒவ்வொரு ஜாவா பட்டனுக்கும் பின்னால் அந்தந்த இயங்குதளத்தின் அசல் பட்டன் நிழல் மாதிரி நிற்கும். டேபிள் கிடையாது, ட்ரீ கிடையாது. 1998-ல் ஸ்விங் வந்து, யார் பட்டனும் வேண்டாம், நானே வரைந்துகொள்கிறேன் என்றது. எல்லாம் கிடைத்தது. ஆனால் எந்த ஊரிலும் அது வெளியூர்க்காரர் மாதிரியே தெரிந்தது. 2001-ல் ஐபிஎம் எஸ்டபிள்யூடியைக் கொடுத்து, இருப்பதை இரவல் வாங்கு, இல்லாததை மட்டும் வரை என்றது. ஐந்து வருடத்தில் ஒரே மொழிக்குள் மூன்று டூல்கிட். வேறு வேறு கம்பெனி என்பதால் ஒத்துப்போகவில்லை என்ற உங்கள் சந்தேகத்துக்கு இது கொஞ்சம் இடிக்கிறது.

21 ஜூலை, ஞாயிறு

என் கூடப்பிறந்த தம்பிக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. மத்தியானம் அங்கே உட்கார்ந்து இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "ஏனுங்ண்ணா, உங்காளுங்க மோட்டாருக்குள்ள காயில் எப்படிச் சுத்தோணும்னு சண்டை போட்டிருக்காங்களாட்டம் இருக்குது" என்றான்.

விளக்கச் சொன்னேன். மூன்று ஃபேஸ் மோட்டார் வாங்கினால் ஃபிரேம் 100 என்று போட்டிருக்கும். பாதத்தின் அடியிலிருந்து சாஃப்ட்டின் நடுமையம் வரை 100 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 132 என்றால் 132. போல்ட் துளைகளின் இடைவெளி, சாஃப்ட்டின் தடிமன், சாவிக்காடி எல்லாம் அந்த எண்ணை ஒட்டி இந்தியத் தரம் 1231-ல் இருக்கிறது. ஒரு கம்பெனி மோட்டார் கருகிப்போனால் இன்னொரு கம்பெனி மோட்டாரைத் தூக்கி அதே பெட்டில் வைத்து, அதே கப்ளிங்கை மாட்டி, சாயங்காலம் தறியை ஓட்டலாம். உள்ளே எத்தனை சுற்று, என்ன லேமினேஷன் என்பது அவரவர் பாடு. அதில் தரம் வைக்கப் போயிருந்தால் கோயம்புத்தூரில் இத்தனை மோட்டார் கம்பெனி வந்திருக்குமா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் மண்டையில் ஓடியது. டூல்கிட்டுகளுக்கு நடுவே எங்கெங்கே ஒத்துமை வந்தது என்று எண்ணிப் பார்த்தால் எல்லாமே கப்ளிங் மாதிரி இடங்கள்தான். ஒரு ஜன்னலிலிருந்து ஃபைலை இழுத்து இன்னொன்றில் போடுவது: ஜான் லிண்டால் எழுதிய எக்ஸ்டிஎன்டி என்ற நெறிமுறையை ஜிடிகேயும் எடுத்துக்கொண்டது, கியூட்டியும் எடுத்துக்கொண்டது. காப்பி செய்து ஒட்டுவது. மெனுவில் புரோகிராமின் பெயரும் படமும் வருவதற்கான டெஸ்க்டாப் ஃபைல். ஜன்னல் முழுத்திரைக்குப் போக விரும்புகிறது என்று விண்டோ மேனேஜரிடம் சொல்வது. 2000-ல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் தளத்தில் இதெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி வைக்கப்பட்டது. பட்டனை எந்த ஃபங்ஷனால் உருவாக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எப்படியோ சுற்றிக்கொள், சாஃப்ட் 100-ல் இருக்கட்டும்.

22 ஜூலை

அவிநாசியிலிருந்து ஒருவர் நேற்றைய குறிப்பை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்: "அப்போ மோனோபிளாக்?"

சரிதான். இந்தப் பக்கம் கிணற்றுக்கும் தொட்டிக்கும் அதிகம் விற்பது மோனோபிளாக் பம்புதான். மோட்டாரும் பம்பும் ஒரே சாஃப்ட், கப்ளிங்கே கிடையாது. ஆகவே அந்த இடத்தில் தரத்துக்கும் வேலை இல்லை. விலை குறைவு, இடம் குறைவு, அலைன்மென்ட் பார்க்க வேண்டாம். கெட்டால் மொத்தமாகக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். விவசாயி அதைத்தான் வாங்குகிறார்.

நம் தொழிலில் அது எலக்ட்ரான், இணையப் பக்கம் எழுதும் முறையிலேயே புரோகிராம் கட்டும் ஏற்பாடு. 2013-ல் கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்தது, 2015-ல் இந்தப் பெயர் வந்தது. ஒவ்வொரு புரோகிராமும் தன் பிரவுசரையே உள்ளே கட்டிக்கொண்டு வருகிறது. எந்த டூல்கிட்டோடும் ஒத்துப்போகத் தேவையில்லை, ஏனென்றால் யாரையும் கேட்பதே இல்லை. யோசித்தால் 1201.1 கேட்டதை இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல் தந்துவிட்டது: பட்டன், டெக்ஸ்ட் பெட்டி, லிஸ்ட். 1995-ல் எச்டிஎம்எல் 2.0-விலேயே ஃபார்ம் இருக்கிறது. எல்லா இயங்குதளத்திலும் ஒரே பெயர். அதுவும் மோர்ச்சோறுதான். ஆனால் பசித்த நேரத்தில் பந்தி போட்டார்கள்.

என் மெஷினில் இப்போது நான்கு மோனோபிளாக் ஓடுகிறது. மின்விசிறி சத்தத்தில் மழை பெய்கிறதா என்றே தெரியவில்லை.

24 ஜூலை, இரவு

1201-ன் இன்னொரு கிளையைச் சொல்ல மறந்துவிட்டேன். 1201.2. அது ஏபிஐ பக்கமே போகவில்லை. ஓட்டும் வசதி என்று பெயர் வைத்தார்கள். ஒரு காரை ஓட்டத் தெரிந்தவர் இன்னொரு காரிலும் உட்கார்ந்து ஓட்டுகிறார். கிளட்சு, பிரேக், ஆக்சிலரேட்டர் இருக்கும் வரிசை மாறாததால் அது முடிகிறது. அதே மாதிரி ஓர் இடைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் தடுமாறாமல் இருக்க எவையெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. பட்டன் எங்கே இருந்தால் என்ன, புரோகிராம் எழுதுகிறவன் பாட்டைப் பார்க்காமல், என்று நினைத்தேன்.

சித்தப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் பழகிய வண்டியில் எல்லாம் நேர்மாறு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் கோபி ரோட்டில் அதை எடுத்துக்கொண்டு போனேன். எதிரே எருமை. காலை அழுத்தினேன், வண்டி நிற்கவில்லை, கியர்தான் மாறியது. கரும்புக்காட்டுக்குள் இருபது அடி போய் நின்றேன். எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2008-ல் அதே பிழையை நான் இன்னொருவருக்குச் செய்தேன். திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு லாட் கணக்கு வைக்கும் புரோகிராமை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றி, ஜிடிகேயில் புதிதாக எழுதிக் கொடுத்தேன். பழையதை மூடும்போது சேமிக்கவா என்று கேட்டு, ஆம், இல்லை, ரத்து என்று இடமிருந்து வரிசையாக மூன்று பட்டன் வரும். புதியதில் லினக்ஸ் திரைச்சூழல்களில் ஒன்றான ஜினோமின் விதிநூலைப் பார்த்து நானே ஒழுங்காக வைத்தேன்: இடது ஓரத்தில் "சேமிக்காமல் மூடு", நடுவில் ரத்து, வலது ஓரத்தில் சேமி. கணக்குப் பார்த்த அக்கா ஏழு வருடமாக இடது ஓரத்தை அழுத்திப் பழகியவர். படிக்கவெல்லாம் மாட்டார், கை தானாகப் போகும். முதல் நாள் சாயங்காலம் அன்றைக்கு ஏற்றிய லாட் அத்தனையும் போயின. போன் வந்தது. "தம்பி, நானே எல்லாத்தையும் அழிச்சுப்போட்டனுங்க" என்று அழுதார். அவர் அழிக்கவில்லை, நான்தான். இரவு அங்கேயே உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்து இரண்டு பேரும் திரும்ப ஏற்றினோம்.

ஏபிஐ என்ன பெயரில் இருந்தது என்று அந்த அக்காவுக்கு எதற்கு? 1201.2 குழுவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

25 ஜூலை

எஸ்கியூஎல் பாக்கி. தரம் இருக்கிறது, சரி. முதல் பத்து வரிசையை மட்டும் எடு என்பதை மூன்று டேட்டாபேஸில் எழுதிப் பாருங்கள், மூன்று விதமாக வரும். எழுதிவிட்டு வந்து பேசலாம்.

27 ஜூலை

சேலத்திலிருந்து ஒருவர், இதில் தமிழுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். நிறைய வந்தது, தரக்குழு மூலமாக வரவில்லை.

2003 வாக்கில் என்னிடம் ஒரு சோதனைச் சொல் இருந்தது: கொங்கு. முதல் எழுத்திலேயே கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். சேமிப்பில் ககரம் முதலில் இருக்கும், திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். இப்படி அடுக்கிக் காட்ட ஜிடிகேக்குப் பாங்கோ, கியூட்டிக்கு அதன் சொந்த ஏற்பாடு, ஆஃபீஸ் தொகுப்புக்கு இன்னொன்று, விண்டோஸுக்கு யூனிஸ்கிரைப். ஒரே மெஷினில், ஒரே எழுத்துருவில், ஒரு ஜன்னலில் கொங்கு சரியாக வரும். பக்கத்து ஜன்னலில் கொம்பு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக நிற்கும். அதையும் ஒரு தரம் என்று எழுதி வைத்திருந்தார்கள், ஓபன்டைப். எழுத்துருவுக்குள் என்ன அட்டவணை இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கும். அதைப் படித்து எழுத்தை அடுக்கும் வேலையை ஒவ்வொரு டூல்கிட்டும் தனித்தனியாகச் செய்து தனித்தனியாகத் தப்பு விட்டது.

தீர்ந்தது எப்படி என்றால், பாங்கோவும் கியூட்டியும் எழுத்துருவைக் கையாளும் ஃப்ரீடைப்பின் பழைய நிரல் ஒன்றையே ஆளுக்கொரு பிரதியாக வைத்துத் திருத்திக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கலாமே என்று பேசி ஹார்ஃப்பஸ் பிறந்தது. பாரசீகத்தில் திறந்த எழுத்து என்று அர்த்தமாம். பிறகு பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை அடியோடு புதிதாக எழுதினார். இன்று ஜிடிகே, கியூட்டி, ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாமே கொங்குவை அதனிடம் கொடுத்துத்தான் வாங்குகின்றன. எந்தக் குழுவும் ஓட்டுப் போடவில்லை. போட்டிக்காரர்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், ஏனென்றால் தனித்தனியாகக் கிணறு தோண்டி எல்லோரும் பாறையைப் பார்த்துவிட்டார்கள்.

தட்டச்சு இன்னும் அப்படி வரவில்லை. லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகை வேண்டும் என்றால் ஜிடிகேக்கு ஒரு சூழல் மாறி (environment variable), கியூட்டிக்கு ஒன்று, பழைய எக்ஸுக்கு ஒன்று என்று மூன்றை வைத்துவிட்டு லாக்அவுட் செய்து வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றில் ஒன்றை விட்டால் அந்த ஜன்னலில் மட்டும் ஆங்கிலம்தான் வரும்.

2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் கோவையில் நடந்தது. யூனிகோடுதான் அரசின் தரம் என்று அப்போது ஆணை வந்தது. அதே ஆணையில், யூனிகோடு ஒத்துவராத இடங்களுக்கு டேஸ் 16 என்று இன்னொரு தமிழ்க் குறியாக்கமும் இருந்தது. ஒன்று என்று அறிவிக்கப் போய் ஒன்றேகால் ஆனது. அவிநாசி ரோட்டில் அந்தக் கூட்டத்தில் செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்தது தனிக்கதை.

28 ஜூலை

செருப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஐஇஇஇ 1295-ஐப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

பவானி கூடுதுறைக்குப் போய்வந்து எழுதுகிறேன், கால் வலி. திருப்பூர்த் தம்பி மறுபடி வந்து, சூழ்ச்சி என்று நான் சொன்னதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை என்கிறார். நியாயம்தான். அவர் பக்கம் கால்வாசி உண்மை இருக்கிறது. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

மோட்டிஃப் தரம் ஆனது, ஆனால் அதன் நிரல் காசுக்குத்தான். ஏபிஐயை யாரும் படிக்கலாம், ஓட வைக்க உரிமம் வாங்க வேண்டும். லினக்ஸில் கல்லூரிப் பையன்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. லெஸ்டிஃப் என்று அதே ஏபிஐக்கு இலவச நகல் செய்ய ஒரு கூட்டம் கிளம்பியது. கிம்ப் படம் திருத்தும் புரோகிராமின் முதல் பதிப்புகள் மோட்டிஃபில்தான் இருந்தன. அது சலித்துப்போய் பீட்டர் மாட்டிஸ் தனக்கென்று ஒரு டூல்கிட் எழுதினார். அதுதான் ஜிடிகே, 1996. அதே வருடம் கியூட்டியை வைத்து கேடிஇ என்ற திரைச்சூழல் ஆரம்பமானது. கியூட்டியின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரமில்லை என்பதால் 1997-ல் ஜிடிகேயை வைத்து ஜினோம் வந்தது. 2000-ல் கியூட்டி ஜிபிஎல் என்ற சுதந்திர உரிமத்தில் வந்தபோது இரண்டு பக்கமும் வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். யார் இடிப்பார்கள்? 2006-ல் லினக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரமான லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் 3.1, டூல்கிட் எது என்ற கேள்விக்கு ஜிடிகேயும் கியூட்டியும் என்று எழுதியது. பங்காளித் தகராறில் பஞ்சாயத்து இரண்டு பேருக்கும் வழி விட்ட மாதிரி.

மோட்டிஃப் கடைசியில் எல்ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாக வந்தது 2012-ல். 1993-ல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெருமுனை டீக்கடையில் நானும் ஒரு நண்பரும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். அவர், இன்றைக்கு எல்லோரும் மோட்டிஃபில் எழுதிக்கொண்டிருப்போம் என்பார். அந்த எக்ஸ்எம்ஸ்ட்ரிங்கை நினைத்தால் எனக்கு டீ இறங்காது.

இன்னொன்று. மேலடுக்கு எதுவும் பிழைக்கவில்லை என்ற மாதிரி எழுதிவிட்டேன். டபிள்யூஎக்ஸ் பிழைத்தது. 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தன் தேவைக்காகத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. 1201.1 கனவு கண்ட அதே மெல்லிய அடுக்குதான். மைக்ரோசாஃப்ட் கேட்டதால் 2004-ல் பெயரின் பின்பாதி விண்டோஸிலிருந்து விட்ஜெட்ஸ் ஆனது. நானே 2011 முதல் எடைமேடை ரசீது போடும் புரோகிராமை பைத்தானோடு அதில்தான் வைத்திருக்கிறேன். அதில் குறைந்தபட்சப் பொதுவானது மட்டும் இல்லை. ஓர் ஊரில் இல்லாத விட்ஜெட்டை அதுவே வரைந்து தந்துவிடும். குழுவில் இதைப் பேசியிருந்தால் யார் வரைவது, யார் செலவு என்று நின்றிருக்கும். ஓர் ஆள் தன் வீட்டுக்குக் கட்டியதால் கேட்காமல் கட்டிவிட்டார்.

11 ஆகஸ்ட்

மின்தடை முடிந்து மதியம் கரண்ட் வந்ததும் ஒரு காரியம் செய்தேன். பெங்களூர் காலத்து நெகிழ்வட்டு ஒன்றிலிருந்து எப்போதோ காப்பி செய்து வைத்திருந்த ஒரு சின்ன மோட்டிஃப் புரோகிராம் கிடைத்தது. 1995-ல் இடப்பங்கீட்டைப் புரிந்துகொள்ள நானே எழுதிப் பார்த்தது. லினக்ஸ் லேப்டாப்பில் மோட்டிஃபை நிறுவி கம்பைல் செய்தேன். எச்சரிக்கை நாற்பதுக்கு மேல் கொட்டியது, பழைய சி எழுதும் முறையைத் திட்டித்தான். ஏபிஐ பற்றி ஒரு புகார்கூட இல்லை. ஜன்னல் திறந்தது. அதே சாம்பல் நீலம், அதே தடித்த ஓரம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சொன்னபடியே பெட்டிகள் நீண்டன. இதற்கு நடுவில் நான் ஜிடிகேயில் எழுதியதை இரண்டு முறை, கியூட்டியில் எழுதியதை இரண்டு முறை பதிப்பு மாறியதற்காகத் திருத்தியிருக்கிறேன். 1295-க்கு நான் இந்த இழையில் கொடுத்த மரியாதை போதாது, திருப்பூர்த் தம்பி கேட்டது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

அப்புறம் ஃபைல் மேனேஜரிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து அந்த ஜன்னலில் போட்டுப் பார்த்தேன். மோட்டிஃபின் இழுத்துப் போடும் நெறிமுறை தனி, மற்றவர்கள் எல்லாம் எக்ஸ்டிஎன்டி. விழவில்லை. இரண்டு மூன்று முறை போட்டேன். பட்டறைத் தம்பிக்குப் போன் செய்து சொன்னதற்கு, "கப்ளிங் அளவு வேறயாட்டம் இருக்குதுங்ண்ணா" என்றுவிட்டு வைத்துவிட்டான், லேத் ஓடிக்கொண்டிருந்தது.